பொட்டிப்புரத்துப் பொட்டிகள்: ஒரு ஸ்டாண்டர்டு சண்டையின் கதை

பொட்டிப்புரம்னு சொன்னா தேனி மாவட்டத்துக்கு வெளியே இருக்கிறவங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது நியூட்ரினோ. தேவாரம் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். அங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதாத ஆளே கிடையாது. இந்தப் பதிவு அந்தச் சண்டையைப் பற்றியது இல்லை மக்களே. மலைக்குள்ளே வைப்பதாக இருந்த பொட்டிகளுக்குள் நடந்த இன்னொரு சண்டையைப் பற்றியது. நானும் பொட்டி தட்டிப் பொழைக்கிறவன். அதனால் சுரங்கத்தை விட அந்தப் பொட்டிகள் மேலதான் எனக்குக் கண்ணு :-)

எந்த ப்ராசஸர், எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், யாரோட விதிமுறை? கேட்டால் சப்பை மேட்டர் மாதிரி தெரியும். ஆனா இந்தக் கேள்விக்காக ரெண்டு வல்லரசுகள் முறைச்சுக்கிட்ட கதையெல்லாம் உண்டு. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முறைத் தண்ணியும் ரியல் டைமும்

முதலில் 'ரியல் டைம்'னா என்ன? நிறைய பேர் 'ரொம்ப வேகம்'னு நினைக்கிறாங்க. அது இல்லை. 'சொன்ன நேரத்துக்குள்' என்பதுதான் அர்த்தம். கம்பம் பள்ளத்தாக்குக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு தண்ணியை நம்பி இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளையுது. முறைப்பாசனம்னு வந்துட்டா, உங்க முறை வரும்போது மடை திறந்தே ஆகணும். நாலு நாள் கழிச்சு ரெண்டு மடங்கு தண்ணி விட்டாலும் காய்ந்த பயிர் திரும்ப வராது. எவ்வளவு தண்ணி வந்ததுங்கிறதை விட எப்போ வந்ததுங்கிறதுதான் முக்கியம்.

நிகழ்நேர இயங்குதளம், அதாவது ஆர்டிஓஎஸ், பண்றதும் இதே நீர்க்கட்டி வேலைதான். பத்து வேலை வரிசையில் நிற்கும். எதை எப்போ விடணும், எதை நிறுத்தணும், அவசரக்காரன் வந்தால் யாரை ஒதுக்கணும்னு அது முடிவு பண்ணும். இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. ஒரு பொதுச் சாவியை, அதாவது ஒரு நேரத்தில் ஒருத்தர் மட்டும் வச்சிருக்கக்கூடிய அனுமதியை, முக்கியத்துவம் குறைந்த வேலை ஒன்று கையில் வச்சிருந்தது. முக்கியமான வேலை அந்தச் சாவிக்காகக் காத்திருந்தது. நடுவாந்தரமான வேறு வேலைகள் உள்ளே புகுந்து, சாவிக்காரனை வேலை செய்யவே விடலை. சாவி திரும்பவில்லை, முக்கியமான வேலை கெடு தாண்டிப் போச்சு, கண்காணிப்பு நிரல் கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பிவிட்டது. சாவி வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாக முன்னுரிமை கொடுக்கும் வசதி அந்தக் கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ்லயே இருந்தது. பூமியிலிருந்து அதை ஆன் பண்ணி அனுப்பினதும் சரியாகிவிட்டது.

மலைக்குள்ளே என்ன பொட்டி?

ஐகால் என்று பேர் வைத்த அந்தக் கருவி ஐம்பதாயிரம் டன் காந்தமேற்றிய இரும்பு. 5.6 செ.மீ. தடிப்புள்ள இரும்புத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிகளில் ஆர்பிசி என்ற கண்ணாடி உணர்கருவிகளைச் செருகுவது திட்டம். ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டர் அளவில் மொத்தம் 28,800 ஆர்பிசிகள். ஒவ்வொன்றிலும் 128 சானல். கணக்குப் போட்டால் சுமார் 37 லட்சம் சானல்! துகள் எந்த நேரத்தில் தட்டியது என்பதை நானோசெகண்ட் அளவில் பதியணும். அது மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்பதை அந்த நேர வித்தியாசம்தான் சொல்லும்.

இவ்வளவு வயரையும் வெளியே இழுத்தால் மலையே வயர் ஆகிடும். அதனால் ஒவ்வொரு ஆர்பிசிக்கும் அதன் ஓரத்திலேயே ஒரு சின்ன கம்ப்யூட்டர் பலகை வைப்பது என்று முடிவு செய்தார்கள். அந்தப் பலகையில் ஆல்டெரா கம்பெனியின் எஃப்பிஜிஏ, நேரம் அளக்க செர்ன் ஆய்வகத்தில் வடிவமைத்த ஒரு சில்லு, ஈதர்நெட்டுக்கு விஸ்நெட் சில்லு. எஃப்பிஜிஏ என்பது எப்படி வேண்டுமானாலும் வயரிங்கை மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய வெற்றுச் சில்லு. அதற்குள்ளேயே எழுதி வைத்த ப்ராசஸர், ஆல்டெராவின் நியோஸ். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. நானோசெகண்ட் வேலையை எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் செய்ய முடியாது. அது நேராக வன்பொருளில் நடக்கும். ப்ராசஸரோட வேலை தரவைச் சேர்த்துக் கட்டி அனுப்புவது, கட்டளை வாங்குவது, பலகையின் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொள்வது. மடை திறப்பது வன்பொருள், கணக்கு எழுதுவது மென்பொருள்.

கேமக்கும் விஎம்இயும்

இந்தியாவில் நியூட்ரினோ வேட்டை பொட்டிப்புரத்தில் தொடங்கவில்லை. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் டாடா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூணும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு மின்னணு. இங்கே செய்த பலகை அங்கே பொருந்தாது. இந்தக் கொடுமை தாங்காமல் ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி 1969-ல் கேமக் என்று ஒரு விதிமுறை எழுதினார்கள். ஒரு பெட்டிக்கு 25 இடம், 24 பிட் தரவு, ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரோசெகண்ட். இதில் கவனிக்க வேண்டியது, அது எந்தக் கம்ப்யூட்டரையும் சார்ந்தது இல்லை. கம்ப்யூட்டர் மாறினால் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

1981-ல் வந்த விஎம்இ நேர் எதிர். மோட்டரோலாவின் 68000 ப்ராசஸருடைய பஸ்ஸை அடிப்படையாக வைத்துப் பிறந்தது. வேகம் அதிகம், கம்ப்யூட்டரே பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும். ஆனால் பெட்டிக்குள் கம்ப்யூட்டர் வந்ததும் அதுக்கு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் வேணுமே! சண்டை ஆரம்பம். ஐகாலுக்கான முன்மாதிரி ஆர்பிசி அடுக்குகளை டாடா நிறுவனத்தில் சோதித்தபோது முதலில் கேமக், பிறகு விஎம்இ என்றுதான் போனார்கள். பலகைக்குப் பலகை ஈதர்நெட் என்பது மூன்றாம் தலைமுறை.

நாலு விதிமுறை, நாலு மனசு

எண்பதுகளின் கடைசியில் ஆர்டிஓஎஸ் உலகம் ஒரு சந்தை மாதிரி இருந்தது. விஆர்டிஎக்ஸ், பிசாஸ், விஎக்ஸ்வொர்க்ஸ் என்று கம்பெனிக்கு ஒன்று. (பிசாஸை வேகமாகச் சொன்னா நம்மூர்ல ஓடிப்போயிடுவாங்க.) ஒன்றுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் ஓடாது. பொது விதிமுறை எழுத நாலு முயற்சி நடந்தது.

ஒன்று, விஎம்இ வியாபாரிகள் சங்கமான விட்டா எழுதிய ஓர்கிட். 1990-ல் வரைவு வந்தது, பெரிதாக எடுபடவில்லை. ஆனால் அதற்கு முன்னோடியான ஒரு வரைவை வைத்து அமெரிக்க ராணுவத்துக்காக எழுதப்பட்ட ஆர்டெம்ஸ், பின்னாளில் திறந்த மென்பொருளாகி இன்றைக்கும் விண்கலங்களில் ஓடுது. செத்த விதிமுறைக்குப் பிறந்து நல்லா பொழைச்ச பிள்ளை.

ரெண்டு, பாசிக்ஸ். யுனிக்ஸ்காரர்கள் எழுதியது. அதன் நிகழ்நேரப் பகுதி 1993-ல் வந்தது. 'நிரல் அப்படியே இடம் மாறணும்' என்பது அவங்க கொள்கை. நல்ல கொள்கை, ஆனா கனமான உடம்பு. சின்ன சில்லுக்குள் முழுசா நுழையாது. அதனால் 1998-ல் அதையே நாலு அளவாக வெட்டித் தைத்தார்கள்.

மூணு, ஓசெக். 1993-ல் ஜெர்மன் கார் கம்பெனிகள் தொடங்கியது. 'எத்தனை வேலை ஓடும்னு வண்டி தொழிற்சாலையை விட்டு வரும் முன்னாடியே தெரியணும், ஓடும்போது புதுசா எதுவும் உருவாகக் கூடாது' என்பது அவங்க கொள்கை. பின்னாளில் ஆட்டோசார் என்ற பெரிய குடும்பத்துக்குள் போனது. ஒரகடத்துப் பக்கம் கார் மென்பொருளில் வேலை பார்க்கிற நண்பர்கள் இதைக் கேட்டதும் பெருமூச்சு விடுவாங்க.

நாலாவதுதான் சுவாரசியம். ஐட்ரான்.

ஜப்பான்காரர் கேட்ட கேள்வி

1984-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென் சகாமுரா ட்ரான் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஆசையைப் பாருங்க: கருவிகளுக்கு ஒரு இயங்குதளம் (ஐட்ரான்), மேசைக் கணினிக்கு ஒன்று (பிட்ரான்), தொலைபேசி நிலையங்களுக்கு ஒன்று, இது எல்லாத்துக்கும் ஏற்ற மாதிரி ஒரு ப்ராசஸர் வடிவம். விதிமுறை யார் வேணுமானாலும் எடுத்துக்கலாம், காசு வேண்டாம். ஹிட்டாச்சி, புஜிட்சு, மிட்சுபிஷி மூணும் சேர்ந்து சில்லே செய்தார்கள்.

ஜப்பான் பள்ளிகளில் பிட்ரான் கணினி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, 1989-ல் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் 'வர்த்தகத் தடைகள்' பட்டியலில் ட்ரான் பேரைச் சேர்த்தது. பிறகு நடவடிக்கை இல்லாமல் கைவிட்டார்கள். ஆனா அந்தச் சத்தத்திலேயே கம்பெனிகள் பின்வாங்கின, பள்ளித் திட்டம் படுத்துவிட்டது. ட்ரான் சில்லும் பெரிய அளவில் எடுபடவில்லை. கட்டளைகளைக் குவித்து வைக்கும் பழைய பாணி வடிவம் அது. உலகம் அப்போது கட்டளைகளைக் குறைக்கும் ரிஸ்க் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

பொழைத்தது ஐட்ரான் மட்டும்தான். கேமரா, ஃபேக்ஸ், கைபேசி, கார் என்று ஜப்பான் பொருள்களில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. எப்படி? அவங்க விதிமுறையை வேண்டுமென்றே தளர்வாக வைத்தார்கள். நிரல் அப்படியே இடம் மாறாது, கொஞ்சம் திருத்தணும். ஆனால் ஒரு கம்பெனியில் கற்ற இன்ஜினியர் அடுத்த கம்பெனியில் போய் முதல் நாளே வேலை செய்யலாம். பாசிக்ஸ் நிரலை இடம் மாற்ற நினைத்தது, ஐட்ரான் ஆளை இடம் மாற்றியது. 2018-ல் அந்தக் குடும்பத்தின் ஒரு பிள்ளையை ஐட்ரிபிள்ஈ அமைப்பு தன் விதிமுறையாகவே (எண் 2050) ஏற்றுக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தடைன்னு சொன்ன அமெரிக்காவில்தான் அந்த அமைப்பின் தலைமையகம் இருக்கு என்பது தனிக்கதை.

நம்மூர்க் கதை: ஒரே வீட்டில் மூணு அடுப்பு

நம்ம பக்கம் வருவோம். க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டு அலைந்து, நினைத்தது கிடைக்காமல் 1988-ல் சி-டாக் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். 1991-ல் வந்த பரம் 8000 எந்தச் சில்லில் ஓடியது தெரியுமா? இங்கிலாந்தின் இன்மாஸ் கம்பெனி செய்த ட்ரான்ஸ்ப்யூட்டர். அருமையான வடிவம். வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் அட்டவணை வேலையே சில்லுக்குள் இருந்தது, தனியா ஆர்டிஓஎஸ் கூடத் தேவையில்லை! ஆனா 1989-லேயே இன்மாஸ் கைமாறிவிட்டது, அடுத்த தலைமுறைச் சில்லு தாமதமாகித் தாமதமாகி, கடைசியில் குடும்பமே நின்றுபோனது. சி-டாக் இன்டெல் ஐ860, பிறகு ஸ்பார்க் என்று ஓட வேண்டியதாயிற்று. சில்லு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஒரே ஒரு கம்பெனியின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதை விட நல்ல பாடம் வேண்டாம்.

இப்போ இஸ்ரோவைப் பாருங்க. 2009 முதல் ஏவுகலங்களில் விக்ரம் 1601 என்ற 16 பிட் ப்ராசஸர் பறக்குது. அதன் அண்ணனான 32 பிட் விக்ரம் 3201, 2025 மார்ச்சில் கைமாற்றித் தரப்பட்டது. கட்டளைத் தொகுதி அவங்களே வகுத்தது. நிரல் எழுத அடா மொழி, அதுக்கான கம்பைலர் வரை வீட்டிலேயே செய்தது. அதே நாளில் கூடவே வந்தது கல்பனா 3201. இது ஸ்பார்க் எட்டாம் பதிப்பு, 1994-ல் ஐட்ரிபிள்ஈ விதிமுறையான (எண் 1754) கட்டளைத் தொகுதி. அதற்கு ஒரு மாசம் முன்னால் 2025 பிப்ரவரியில் ஐரிஸ். சென்னை ஐஐடியின் ஷக்தி திட்டத்தில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் சில்லு. மூணையும் செய்தது மொகாலி எஸ்சிஎல், மூணும் 180 நானோமீட்டர்.

ஒரே வீட்டில் மூணு அடுப்பு ஏன்னு கேட்கலாம். யோசிச்சுப் பார்த்தா மூணும் மூணு பதில்கள். விக்ரம் சொல்வது, 'என் சமையல் என் கையில்'. யாரும் பிடுங்க முடியாது, ஆனா கம்பைலர், டீபக்கர் எல்லாம் நீயே செய்துக்கணும். உதவிக்கு வெளியாள் இல்லை. கல்பனா சொல்வது, 'ஊரறிந்த பழைய சமையல்'. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு இதே ஸ்பார்க்கில் லியான் என்று சில்லு செய்து வருஷக்கணக்கில் பறக்க விட்டது, கருவிகள் தயார். ஆனா அந்தக் குடும்பத்தில் புதுப் பிள்ளைகள் பிறப்பது நின்றுபோச்சு. ஐரிஸ் சொல்வது, 'ஊரே சேர்ந்து சமைக்கும் அன்னதானம்'.

ரிஸ்க்-ஃபைவ் 2010-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. க்ர்ஸ்டே அசனோவிச், அவர் மாணவர்கள், கூடவே டேவிட் பேட்டர்சன். அதே பேட்டர்சன் குழு எண்பதுகளில் செய்த பெர்க்லி ரிஸ்க்தான் ஸ்பார்க்குக்கு வழிகாட்டி. ஆக கல்பனாவும் ஐரிஸும் பங்காளிகள். ஷக்தியைப் பேராசிரியர் காமகோடி தலைமையில் சென்னை ஐஐடி கையிலெடுத்து, 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டரில் ஒரு சில்லும், அதே வருஷம் எஸ்சிஎல்லின் 180 நானோமீட்டரில் இன்னொன்றும் செய்து காட்டினார்கள். அமெரிக்கா பிடிக்குள் மாட்டிவிடக் கூடாது என்று ரிஸ்க்-ஃபைவ் அமைப்பே 2020-ல் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1989-ல் ட்ரானுக்கு நடந்ததை இவங்க மறக்கலை போல.

திரும்ப அந்தப் பலகைக்கு

இப்போ நியோஸ். ஐகால் பலகைகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் அது நியாயமான தேர்வு. எஃப்பிஜிஏ வாங்கும் இடத்திலேயே ப்ராசஸர், கம்பைலர் எல்லாம் கிடைத்தது. மதுரையில் 85 டன் எடையில் மினி-ஐகால் அமைத்து அந்தப் பலகைகளை ஓட்டியும் பார்த்தார்கள்.

அதே சமயம் மலை விவகாரம் தனியாக ஓடியது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது, 2018-ல் மத்திய அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது, 2022 பிப்ரவரியில் திட்டத்தை ஏற்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தது. சுரங்கம் தோண்டப்படவில்லை.

மலை காத்திருக்கலாம், அதுக்கு வயசு கோடிக்கணக்கில். சில்லு காத்திருக்குமா? 2015-ல் ஆல்டெராவை இன்டெல் வாங்கியது. 2021-ல் நியோஸ்-5 என்று புது ப்ராசஸர் அறிவித்தார்கள். உள்ளே பார்த்தால் ரிஸ்க்-ஃபைவ்! 2023-ல் பழைய நியோஸ்-2 விற்பனையை நிறுத்தப் போவதாக அறிவிப்பும் வந்தது. சொந்தக் கட்டளைத் தொகுதி வைத்திருந்த கம்பெனியே அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொதுச் சமையலுக்கு வந்துவிட்டது. இருபது வருஷம் ஓடணும் என்று திட்டமிட்ட கருவியின் ப்ராசஸர், கருவி பிறக்கும் முன்னாலேயே ரிட்டையர்டு.

இது யாரையும் குத்திக்காட்ட எழுதலை. எஃப்பிஜிஏவுக்குள் எழுதியதுங்கிறதால் நஷ்டம் பெரிசு இல்லை. அதே வெற்றுச் சில்லில் வேறொரு ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரை, ஏன், ஷக்தியையே கூட, எழுதிக்கலாம். சி நிரலில் வன்பொருளைத் தொடும் இடங்களை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணலாம். கேமக்காரர்கள் 1969-ல் சொன்னதும் இதைத்தானே: கம்ப்யூட்டர் மாறும், அதனால் அது மாறினாலும் மாறாத ஒரு கோட்டைப் போடு.

ஓபன்னா மட்டும் போதுமா?

போதாது. ரெண்டு எச்சரிக்கை சொல்லியே ஆகணும்.

ஒன்று, விதிமுறை இலவசம், தொழிற்சாலை இலவசம் இல்லை. எஸ்சிஎல் 1989 தீ விபத்தில் எரிந்தபோது நாம் இழந்த வருஷங்களை எந்த ஓபன் விதிமுறையும் திருப்பித் தராது. ராக்கெட்டுக்கு 180 நானோமீட்டர் தாராளம், செல்போனுக்கு அது ஆகாது.

ரெண்டு, யார் வேணுமானாலும் சேர்த்துக்கலாம் என்றால் ஆளுக்கொரு கட்டளை சேர்ப்பார்கள். ஐட்ரானுக்கு நடந்தது ரிஸ்க்-ஃபைவுக்கும் நடக்கலாம். பேர் ஒன்று, உள்ளே பத்து ஜாதி. இதைத் தடுக்கத்தான் 'இந்தத் தொகுதி கட்டாயம் இருக்கணும்' என்று பட்டியல்கள் போடுறாங்க. அந்தப் பட்டியல் போடும் மேசையில் நம்மாட்கள் உட்கார்ந்திருக்கணும் என்பதுதான் என் கட்சி. சில்லு செய்வதை விட அந்த நாற்காலி முக்கியம். விதிமுறை எழுதும்போது இல்லாதவன், பிறகு காலம் முழுக்க அதுக்குக் கட்டுப்பட்டவன்.

கடைசியா ஒண்ணு. இந்தச் சண்டையில் ஜெயித்தது வேகமான சில்லோ அழகான வடிவமோ இல்லை. ட்ரான்ஸ்ப்யூட்டரும் அழகு, ட்ரான் சில்லும் அழகு, ரெண்டும் இப்போ அருங்காட்சியகத்துல. யார் கம்பெனியை மூடினாலும் அடுத்தவன் தாளைப் படித்துத் திரும்பச் செய்ய முடிந்தது எதுவோ அதுதான் நின்றது. அதனால் அடுத்த முறை 'முற்றிலும் உள்நாட்டுச் சில்லு' என்று செய்தி வந்தால் சந்தோஷமா கை தட்டுங்க, கூடவே ஒரே ஒரு கேள்வியும் கேளுங்க: இதன் விதிமுறை யார் கையில்?

பி.கு: ட்ரான்ஸ்ப்யூட்டரும் அதன் ஆக்கம் மொழியும் தனிப்பதிவுக்கே தாங்கும். எழுதச் சொல்லிக் கேட்டால் எழுதுறேன், கேட்காட்டியும் எழுதுவேன் :-)